வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் இணையத்தில் நம்மைப் பற்றி என்ன இருக்க வேண்டும்?

ரெதுயி_தர்ஷிணி

எல்லாருக்கும் வணக்கம். ரெதுயியில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, புள்ளியியல் படிக்கிறேன். ஜூலையில் முடிகிறது. அலுவலகங்கள் குவிந்த எபெனில் ஒரு நிறுவனத்தின் இன்டர்ன்ஷிப் படிவத்தில் "லிங்க்ட்இன் அல்லது சொந்த இணையதளம்" என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. வேலை தேடுவோருக்கான லிங்க்ட்இன் தளத்தில் கணக்கும் இல்லை, சொந்த இணையதளமும் இல்லை.

சரி, என்னதான் இருக்கிறது என்று என் பெயரைத் தேடிப் பார்த்தேன். கூகுளில் பள்ளி நாட்களில் கலந்துகொண்ட கட்டுரைப் போட்டியின் முடிவுப் பட்டியல் வந்தது. அதற்கு மேலே ஃப்ளாக் என்ற ஊரில் இருக்கும் இன்னொரு பெண், அதே பெயர், அதே குடும்பப் பெயர், அழகு நிலையம் நடத்துகிறார். பேஸ்புக்கில் தேடினால் மாமி போட்ட காவடிப் படம். பால்குடத்தோடு நான், நெற்றி நிறைய திருநீறு, கண் பாதி மூடியிருக்கிறது.

இன்னொரு குழப்பம் பெயர். பிறப்புச் சான்றிதழில் குடும்பப் பெயரை "ஓ" எழுத்து இரட்டையாகப் போட்டு எழுதியிருக்கிறார்கள். சித்தப்பா வீட்டில் அதே பெயர் "யு" போட்டு. நான் எதை வைத்துக்கொள்வது? ஆங்கிலத்திலா பிரெஞ்சிலா எழுதுவது? இதெல்லாம் உண்மையிலேயே யாராவது பார்க்கிறார்களா?

---

பேச்சுவாக்கில்

யாரும் பார்ப்பதில்லை தங்கச்சி. தீவில் இருப்பதே 12, 13 லட்சம் பேர். உன் அப்பாவுக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர், அத்தோடு எபென் முடிந்தது. பேருக்கு ஒரு லிங்க்ட்இன் கணக்கைத் திறந்து கட்டத்தை நிரப்பிவிட்டுப் படிப்பைக் கவனி.

---

எபென்_மாலதி

ஆள் எடுப்பதுதான் என் வேலை, அதனால் பார்க்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பார்க்கிறோம். ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பார்ப்பதில்லை. சிவியைத் திறந்ததும் பெயரையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் கூகுளில் தட்டுவேன், அப்புறம் லிங்க்ட்இன். எல்லாம் சேர்த்து ஓரிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் நான் தேடுவது மூன்றுதான்: இந்த ஆள் இவர்தானா, சிவியில் சொன்ன தேதிகளும் இங்கே இருப்பவையும் ஒத்துப்போகின்றனவா, செய்ததாகச் சொல்வதற்கு ஏதாவது கண்ணில் படுகிறதா. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், வாரம் எத்தனை பதிவு போடுகிறார், இதையெல்லாம் மாணவர்களிடம் நான் பார்த்ததே இல்லை.

பேச்சுவாக்கில் அண்ணா சொல்வதும் பொய்யில்லை. சிபாரிசு வரத்தான் செய்கிறது. ஆனால் சிபாரிசோடு வந்த பெயரையும் தட்டிப் பார்க்கத்தான் செய்கிறேன். சொன்னவர் சொந்த மாமா என்றால் இன்னும் கொஞ்சம் கவனமாக.

தர்ஷிணி, முதலில் பெயர். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டல். சிவி, லிங்க்ட்இன், மின்னஞ்சல், சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒன்றே. ஃப்ளாக் அக்கா பெயரோடு முட்டுவதால் இரண்டாவது பெயர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள். லிங்க்ட்இன் தானாகக் கொடுக்கும் முகவரியின் வாலில் எண்களும் எழுத்துகளும் தொங்கும். அமைப்பில் போய் அதை உன் பெயராக மாற்றிவிடு, காசு இல்லை. கைப்பேசியில் திறந்தால் பெயரை எப்படிச் சொல்வது என்று 10 விநாடி ஒலியாகப் பதியவும் இடம் உண்டு. நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இதைத் தொடுவதே இல்லை. நேர்காணலுக்குக் கூப்பிடும் வெளிநாட்டு மேலாளர் நம் குடும்பப் பெயரைப் பார்த்துத் திணறுவதை நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மொழி: முதல் பக்கம் ஆங்கிலம். லிங்க்ட்இன்னில் அதே கணக்கில் இரண்டாம் மொழியில் ஒரு பக்கம் சேர்க்கலாம், அதைப் பிரெஞ்சில் போடு. இரண்டு கணக்கு திறக்காதே. கால் சென்டர், வங்கி, ஹோட்டல் எங்கே போனாலும் இந்த ஊரில் பிரெஞ்சு வேண்டும். "பிரெஞ்சு தெரியும்" என்று ஒரு வரி எழுதுவதைவிட பிரெஞ்சில் நான்கு நல்ல வரி எழுதிக் காட்டுவது மேல்.

---

வாத்தியார்_காத்ர்போர்ன்

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசுப் பணிக்குப் போகிறவர்களுக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் படிவம், சான்றிதழ், நேர்காணல், அவ்வளவுதான். அங்கே உங்கள் லிங்க்ட்இன்னை யாரும் கேட்கப்போவதில்லை. ஆசிரியர் வேலையைக் குறிவைக்கும் பிள்ளைகள் இதற்காக ராத்திரி கண் விழிக்க வேண்டாம்.

காவடிப் படத்தைப் பற்றி அந்தப் பெண் ஏன் இவ்வளவு வெட்கப்படுகிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. தைப்பூசக் காவடி இந்த நாட்டில் பொது விடுமுறை. அவளை வேலைக்கு எடுக்கப்போகிறவரும் அன்று வீட்டில்தான் இருக்கப்போகிறார். அதை மறைத்துவிட்டு யாரைப் போல் காட்டிக்கொள்ளப் போகிறோம்?

---

ரெதுயி_தர்ஷிணி

ஐயா, திருநீற்றுக்கு வெட்கமில்லை. கண் பாதி மூடியிருப்பதற்குத்தான் :)

---

எபென்_மாலதி

அந்தப் படம் இருக்கட்டும். அதைப் பார்த்து உன்னை ஒதுக்குகிற நிறுவனம் என்றால் நீ அங்கே போகாமல் இருப்பதே நல்லது. ஆனால் மற்றவர்கள் உன்னைக் குறியிடும் படங்கள் உன் பக்கத்தில் ஏறும்முன் உன்னைக் கேட்கும்படி பேஸ்புக்கில் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிடு. பேஸ்புக்கிற்கு வெளியே இருக்கும் தேடுபொறிகள் உன் பக்கத்தைக் காட்டக் கூடாது என்றும் அங்கேயே சொல்லிவிடலாம். மாமியோடு சண்டை போடத் தேவையில்லை.

---

நிரலன்

நான் திருநெல்வேலிக்காரன், எபெனில் மென்பொருள் வேலை. இங்கே வந்து சில வருடம் ஆகிறது.

கட்டத்தை நிரப்ப ஒரு லிங்க்ட்இன் போதும். ஆனால் "சொந்த இணையதளம்" என்றும் கேட்டிருக்கிறார்களே, அதை ஏன் விட வேண்டும்? நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கணக்கு திறந்தால் அதிலேயே இலவசமாக ஒரு தளம் வைத்துக்கொள்ளலாம். தனியாக டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வாங்கினாலும் .காம் போதும், மொரீஷியஸின் .எம்யூ விலை கூடுதல். மாணவர் என்று நிரூபித்தால் கிட்ஹப் ஒரு சலுகைத் தொகுப்பு தருகிறது. படிப்பு முடிவதற்குள் வாங்கிக்கொள்.

அதில் என்ன வைப்பது? இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். வகுப்பில் எல்லாரும் செய்த அதே பயிற்சியை, டைட்டானிக் கப்பல் பயணிகளின் தரவை, ஏற்றி வைப்பார்கள். ஆள் எடுப்பவர் அதை ஆயிரம் முறை பார்த்தாயிற்று. தர்ஷிணி, நீ புள்ளியியல். இந்த ஊர்த் தரவை எடு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொரீஷியஸ் மாதா மாதம் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை நாடுவாரியாக வெளியிடுகிறது, விலைவாசிக் குறியீடும் வெளியிடுகிறது. எல்லாம் திறந்து கிடக்கிறது. 2019இல் 13 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் பயணிகள் வந்தார்கள். 2021இல் அது 1 லட்சத்து 80 ஆயிரம் அளவுக்கு விழுந்தது. இந்த விழுதலையும் திரும்பி எழுந்ததையும் நாடுவாரியாகப் பிரித்து ஒரே ஒரு வரைபடம் போடு.

போடும்போது ஒன்றைக் கவனி. 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள், முழுவதும் திறந்தது 2021 அக்டோபர் 1ஆம் தேதி. ஆக 2021இன் பயணிகளில் பெரும்பாலோர் கடைசி மூன்று மாதத்தில் வந்தவர்கள். ஆண்டுக் கணக்கை 12ஆல் வகுத்துச் சராசரி போட்டால் அது எந்த மாதத்தையும் சொல்லாது. மாதக் கணக்காகவே வைத்துக்கொண்டு, ஏன் அப்படி வைத்தாய் என்று இரண்டு வரி எழுது. நேர்காணலில் கேட்பவர் பிடித்துக்கொள்ளப்போவது அந்த இரண்டு வரியைத்தான். வரைபடம் யார் வேண்டுமானாலும் போடுவார்கள்.

---

பேச்சுவாக்கில்

நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் கணினி, கணக்கு படித்தவர்களுக்கு. என் தம்பி ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கிறான், ஏசிசிஏ கணக்காளர் தேர்வு எழுதுகிறான். அவன் எதைக் காட்டுவான்? வாடிக்கையாளர் கணக்கையா?

---

பேரேடு

தம்பியிடம் உடனே சொல்லுங்கள், வாடிக்கையாளர் பெயரைக்கூட எழுதக் கூடாது. நான் அதே துறைதான். இங்கே குளோபல் பிசினஸ் நிறுவனங்களின் (இங்கே பதிந்து வெளிநாடுகளில் தொழில் செய்பவை) கணக்கு பார்ப்பவர்கள் லிங்க்ட்இன்னில் "இன்ன நிதியத்தின் தணிக்கையில் பங்கேற்றேன்" என்று போடுகிறார்கள், பார்க்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏசிசிஏவின் அடிப்படை நெறிகள் ஐந்தில் ரகசியம் காப்பது ஒன்று. மாணவர்களுக்கும் அது பொருந்தும். மேசையில் ஃபைல் திறந்து கிடக்க, பின்னால் திரை தெரிய, "முதல் தணிக்கைக் காலம்!" என்று எடுக்கும் செல்ஃபி அதைவிட மோசம்.

அதற்குப் பதிலாக எழுத வழி இருக்கிறது. "நடுத்தர அளவிலான இரண்டு ஹோட்டல் நிறுவனங்களின் சரக்கிருப்புச் சரிபார்ப்பு, எண்ணிக்கை வேறுபட்ட இடங்களைப் பட்டியலிட்டு மேலாளரிடம் கொடுத்தேன்." துறை தெரிகிறது, அளவு தெரிகிறது, அவன் செய்த வேலை தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. எழுதிய பிறகு மேலாளரிடம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். தணிக்கை நிறுவனங்களில் இதற்கு எழுதிவைத்த விதி பெரும்பாலும் இருக்கும்.

---

வரைகோல்

ரோஸ்ஹில்லில் தனியாக வடிவமைப்பு வேலை செய்கிறேன். எங்கள் துறையில் கதை வேறு. சிவியைக் கடைசியில்தான் திறப்பார்கள், முதலில் வேலையைக் காட்டு என்பார்கள். வடிவமைப்பு வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் பக்கம் ஒன்று எல்லாரிடமும் உண்டு. அதில் 30 வேலையைக் குவித்து வைப்பதைவிட ஐந்தாறு வைத்து, ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் என்ன கேட்டார், முதல் வரைவு எப்படி இருந்தது, ஏன் மாறியது என்று காட்டுவது நல்லது. கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழாச் சுவரொட்டி எல்லாம் சேர்க்கலாம். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்று எழுத்தையும் ஒரே தாளில் மோதாமல் உட்காரவைக்கத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு, அது ஒரு தனித் திறமை. வேலை கொடுத்தவரிடம் அனுமதி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராமை மட்டும் நம்பி இருக்கும் தோழிகளுக்கு ஒரு விஷயம். 2024 நவம்பர் 1ஆம் தேதி நினைவிருக்கிறதா? தேர்தல் நெருங்கும் நேரம், ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் கசிந்துகொண்டிருந்தன. சமூக ஊடகங்களை 11ஆம் தேதி வரை முடக்கும்படி தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. மறுநாளே விலக்கிக்கொண்டார்கள் என்றாலும், மொத்த வாடிக்கையாளர் தொடர்பையும் அங்கே வைத்திருந்தவர்களுக்கு அன்று கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. படங்களின் மூலக் கோப்பும் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலும் உங்கள் கையில் இருக்கட்டும். நிரலன் சொன்ன அந்த இலவசத் தளத்தில் ஒரு பக்கம் போட்டுவைத்தால்கூட முகவரி நம்முடையதாக இருக்கும்.

---

சேன்தெனி_ஆய்வாளர்

வாக்வாவில் பிறந்து வளர்ந்தவன், இப்போது பக்கத்துத் தீவான ரீயூனியனில் முனைவர் பட்ட ஆய்வு. மேற்படிப்பு நினைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம்.

ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளர்களுக்கான அடையாள எண், ஒன்று வாங்குங்கள். 16 இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. பெயர் எப்படி எழுதப்பட்டாலும் அந்த எண் உங்களுடையது. நம் குடும்பங்களுக்கு இது ரொம்பவே உதவும். கப்பலில் வந்த பாட்டனாரின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், அடுத்த தலைமுறையில் இன்னொருவர் வேறு மாதிரி எழுதினார். அண்ணன் தம்பி வாரிசுகளே இரண்டு எழுத்துக்கூட்டலில் இருக்கிறார்கள். என் முதல் கட்டுரையில் ஒரு மாதிரியும் மாநாட்டுச் சுருக்கத்தில் வேறு மாதிரியும் அச்சானது. இரண்டையும் ஒரே எண்ணின் கீழ் கொண்டுவந்துவிட்டேன். பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் என்றால் ஹால் என்ற திறந்த காப்பகம் இருக்கிறது, அதில் ஏற்றினால் கூகுள் ஸ்காலர் எடுத்துக்கொள்ளும்.

பழைய விஷயங்களை அழிப்பது பற்றி யாராவது கேட்பீர்கள், முன்பே சொல்லிவிடுகிறேன். ரீயூனியன் பிரான்சின் பகுதி, அதனால் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கு உண்டு. மொரீஷியஸிலும் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2018 ஜனவரியிலிருந்து நடைமுறையில். உங்கள் விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை அதில் உண்டு. ஆனால் சட்டத்தைத் தூக்கும் முன், பக்கத்தை நடத்துபவருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

---

மோக்கா_கயல்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படிக்கிறேன். எனக்கு லிங்க்ட்இன் கணக்கு உண்டு, ஆனால் திறந்தாலே யார் யாரோ "ஹலோ பியூட்டிஃபுல்" என்கிறார்கள். மூடிவிடலாமா என்று பார்க்கிறேன்.

---

எபென்_மாலதி

மூட வேண்டாம் கயல். முன்பின் தெரியாதவர்களின் இணைப்புக் கோரிக்கையை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, எண்ணிக்கைக்காக ஏற்பதை நிறுத்து. அப்படி எழுதுகிறவர்களைத் தடுத்து, புகார் பொத்தானையும் அழுத்து. பதில் எழுதாதே.

இதோடு சேர்த்து எல்லாருக்கும் ஒன்று. இந்த ஊர் சிவி வழக்கம் ஒன்று இருக்கிறது: முதல் பக்கத்திலேயே வீட்டு முகவரி, கைப்பேசி எண், தேசிய அடையாள எண், மணமானவரா, மதம் என்ன, எல்லாம். ஒரு நிறுவனத்துக்குத் தனியாக அனுப்பும்போதே இதில் பாதி தேவையில்லை. அதே பிடிஎஃப்பை அப்படியே இணையத்தில் ஏற்றினால்? அடையாள எண்ணின் முதல் எழுத்து உங்கள் குடும்பப் பெயருடையது, அடுத்த ஆறு இலக்கம் பிறந்த தேதி. அந்த எண்ணைப் பொதுவில் வைப்பவர் பிறந்த நாளையும் சேர்த்து வைக்கிறார். இணையத்துக்கு ஒரு சிவி, அனுப்புவதற்கு ஒரு சிவி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இருப்பதில் பெயர், ஊர் (காத்ர் போர்ன் என்றால் போதும், தெருப் பெயர் வேண்டாம்), மின்னஞ்சல். அவ்வளவுதான்.

"வேலைக்கு ஆள் எடுக்கிறோம், கனடா, முன்பணம் கட்டுங்கள்" என்று வரும் செய்திகளும் இப்படிக் கிடைத்த எண்களுக்குத்தான் போகின்றன. வேலை கொடுக்கிறவர் உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

---

பேச்சுவாக்கில்

> எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், வாரம் எத்தனை பதிவு போடுகிறார், இதையெல்லாம் மாணவர்களிடம் நான் பார்த்ததே இல்லை.

இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். தினம் ஒரு பதிவு போடு, "உன்னை நீயே சந்தைப்படுத்து" என்று பயிற்சி வகுப்பு நடத்திக் காசு வாங்குகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

---

எபென்_மாலதி

பதிவு போடுவது தவறில்லை அண்ணா. சொல்ல விஷயம் இருக்கும்போது போடட்டும். "இன்று இந்தப் பயிற்சியில் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி அடைகிறேன்" என்று குழுப் படத்தோடு வரும் பதிவு யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. சான்றிதழும் அப்படித்தான். வேலைக்குத் தொடர்புள்ள ஒன்றிரண்டு இருக்கட்டும். இருபது இணையப் படிப்பு வரிசையாக நின்றால், இவர் எதை முடித்தார் என்ற சந்தேகம்தான் வருகிறது.

---

ரெதுயி_தர்ஷிணி

எல்லாருக்கும் நன்றி. லிங்க்ட்இன் திறந்துவிட்டேன், பெயர் அடையாள அட்டைப்படி. என்னைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். இங்கே தமிழில் போடுகிறேன், தயங்காமல் வெட்டுங்கள்.

தலைப்பு வரி: "தரவு அறிவியலில் பேரார்வம் கொண்ட எதிர்காலப் பகுப்பாய்வாளர் | வேலை தேடுகிறேன்"

பகுதி: "இலக்கை நோக்கி உழைக்கும், சவால்களை விரும்பும் இளம் பட்டதாரி. தரவுகளின் வழியே கதை சொல்வதில் தீராத ஆர்வம் உண்டு. குழுவாகவும் தனியாகவும் சிறப்பாகப் பணியாற்றுவேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொரீஷியஸ் தரவை வைத்துச் சுற்றுலா பற்றி ஒரு சிறிய ஆய்வு செய்து வருகிறேன்."

---

எபென்_மாலதி

வெட்டச் சொன்னாய், வெட்டுகிறேன். முதல் மூன்று வாக்கியம் போகட்டும். அவை உன்னுடையவை இல்லை. எந்தக் கருவி எழுதித் தந்தது என்று கேட்கவில்லை, ஆனால் இதே மூன்று வாக்கியத்தை இந்த வாரம் நிறையப் பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் பட்டம் வாங்கவில்லை, அதனால் "பட்டதாரி" என்பதும் வேண்டாம். தேதி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன் என்றேன் அல்லவா, முதலில் மாட்டுவது இந்த மாதிரிச் சொல்தான்.

கடைசி வாக்கியம்தான் நீ. அதிலிருந்து ஆரம்பி.

தலைப்பு வரிக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. "எதிர்கால" என்று எழுதினால் இப்போது ஒன்றும் இல்லை என்று நீயே சொல்லிக்கொள்வதாக ஆகிறது. இப்படி எழுதிப் பார்: "மூன்றாம் ஆண்டு புள்ளியியல் மாணவி, மொரீஷியஸ் பல்கலைக்கழகம் | சுற்றுலா, விலைவாசித் தரவு, ஆர் நிரல்மொழி, எக்செல் | ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் | ஜூலை முதல் பணிக்குத் தயார்". மந்தமாக இருக்கிறது என்று நினைப்பாய். ஆள் தேடும் நான் தேடல் கட்டத்தில் அடிக்கும் சொற்கள் இவைதான்.

படத்தைச் சுற்றி "வேலை தேடுகிறேன்" என்று வரும் பச்சை வளையத்தை மாணவர்கள் தாராளமாகப் போடலாம். ஏற்கனவே ஓரிடத்தில் வேலையில் இருப்பவர்கள், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். அப்போதும் உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாமல் போகும் என்று லிங்க்ட்இன் முழு உத்தரவாதம் தருவதில்லை. இந்தத் தீவில் அது எவ்வளவு நேரம் ரகசியமாக இருக்கும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

---

நிரலன்

படம் என்ன வைத்திருக்கிறாய்? அக்கா கல்யாணப் படத்தை வெட்டி வைத்திருந்தால் தோளில் இன்னொருவர் கை தெரியும். பகலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நின்று தோழியை எடுக்கச் சொல். போதும், ஸ்டூடியோ வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம், இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எந்த மின்னஞ்சலில் கணக்கு திறந்தாய்?

---

ரெதுயி_தர்ஷிணி

பல்கலைக்கழக மின்னஞ்சலில். அதுதான் பார்க்க மரியாதையாக இருக்கிறது என்று.

---

நிரலன்

உடனே சொந்த மின்னஞ்சலையும் சேர்த்து அதையே முதன்மையாக்கு. படிப்பு முடிந்த பிறகு பல்கலைக்கழகங்கள் மாணவர் மின்னஞ்சலை மூடிவிடும் வழக்கம் உண்டு. ஒரு வருடம் கழித்துக் கடவுச்சொல்லை மறந்தால், மீட்புக் கடிதம் நீ திறக்க முடியாத பெட்டிக்குப் போகும். கணக்கு இருக்கும், ஆனால் உன்னால் உள்ளே போக முடியாது. அதில் மூன்றாம் ஆண்டு மாணவி என்றே எழுதியிருக்கும், அதைத் திருத்தவும் வழி இருக்காது. என்னோடு வேலை செய்யும் இரண்டு பேருக்கு இதே கதைதான், இன்றும் அவர்கள் பெயரில் இரண்டு கணக்கு நிற்கிறது. கிட்ஹப்பிலும் அப்படியே செய். அங்கே மின்னஞ்சலை மறைத்துவைக்கும் அமைப்பு இருக்கிறது, அதையும் போட்டுவிடு. இல்லையென்றால் நீ ஏற்றும் ஒவ்வொரு மாற்றத்தோடும் உன் மின்னஞ்சல் பொதுவில் போகும்.

சொந்த மின்னஞ்சலும் பெயரில் இருக்கட்டும். "ஸ்வீட்" என்று தொடங்கும் முகவரி பள்ளிக்கூடத்தோடு முடிந்தது.

---

ரெதுயி_தர்ஷிணி

அது எப்படித் தெரிந்தது அண்ணா?!

சரி, மாற்றிவிட்டேன். புதிய பகுதி இது:

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொரீஷியஸ் வெளியிடும் மாதாந்திர எண்களை வைத்து, 2020இல் எல்லை மூடப்பட்ட பிறகு எந்த நாட்டுப் பயணிகள் முதலில் திரும்பினார்கள் என்று பார்க்கிறேன். 2021ஐ ஆண்டுக் கணக்காகக் காட்டவில்லை; அந்த ஆண்டு அக்டோபரில்தான் எல்லை முழுமையாகத் திறந்தது. வரைபடமும் நிரலும் கிட்ஹப்பில் உள்ளன. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு. விடுமுறையில் மாமாவின் ஹார்டுவேர் கடையில் சரக்குக் கணக்கை எக்செல்லுக்கு மாற்றிக் கொடுத்தேன்."

---

எபென்_மாலதி

இதைப் படித்தால் உன்னைக் கூப்பிடுவேன். ஹார்டுவேர் கடையைக் கடைசியில் ஒளித்துவைக்காதே, அனுபவப் பகுதியில் தனி வரியாகப் போடு. மாமா கடை என்று எழுத வேண்டியதில்லை, "ஹார்டுவேர் சில்லறைக் கடை, ரோஸ்ஹில்" என்றால் போதும். எத்தனை வகைச் சரக்கு, முன்பு எதில் எழுதினார்கள், மாற்றியபின் என்ன சுலபமானது, இவற்றைச் சேர்.

இன்டர்ன்ஷிப் கிடைத்தால், கடைசி வாரத்தில் மேற்பார்வையாளரிடம் லிங்க்ட்இன்னில் பரிந்துரை ஒன்று கேள். முடிந்து ஆறு மாதம் ஆனபின் கேட்டால் அவருக்கு உன் முகமே மங்கலாக இருக்கும். கேட்கும்போது நீ செய்த இரண்டு வேலையை நினைவூட்டி எழுது, அவருக்கும் எழுதச் சுலபம். திறமைகளுக்குக் கீழே தோழிகள் தட்டும் ஒப்புதல் எண்ணிக்கையை நான் கண்டுகொள்வதில்லை, வேலை வாங்கியவர் எழுதிய நான்கு வரியைப் படிக்கிறேன்.

---

பேரேடு

இன்னொன்றையும் யாராவது சொல்ல வேண்டும். பேஸ்புக்கில் அரசியல் கருத்துக்குக் கீழே சண்டை போடும்போது இங்கே சட்டம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். பிறரைத் தொந்தரவு செய்யும் செய்திகளைக் குற்றமாக்கும், தகவல், தொடர்புத் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவை 2018இல் இன்னும் இறுக்கினார்கள். கருத்து சொல்லாதே என்று நான் சொல்லவில்லை, சொல்ல உரிமை இருக்கிறது. கோபத்தில் ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டி எழுதுவது வேறு, கருத்து வேறு. எங்கள் துறையில் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்காத இடம் அரிது.

---

மோக்கா_கயல்

மாலதி அக்கா, நீங்கள் சொன்னபடி வடிகட்டிவிட்டேன், இப்போது அமைதியாக இருக்கிறது. ஆனால் தர்ஷிணிக்குத் தரவு இருக்கிறது, வரைகோல் அக்காவுக்குப் படங்கள் இருக்கின்றன. தமிழ் படிப்பவள் நான் எதைக் காட்டுவது? எல்லாரும் ஆசிரியர் ஆகத்தானே போகிறாய் என்கிறார்கள். எனக்கு மொழிபெயர்ப்பில் ஆசை.

---

வாத்தியார்_காத்ர்போர்ன்

இந்த இழையில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான் அம்மா.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரே பத்தி, பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு. இன்னொன்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. மூலத்தையும் பக்கத்தில் வை. பதிப்புரிமை முடிந்த பழைய எழுத்தாக எடு, இல்லையென்றால் பொதுமக்களுக்கான சுகாதார அறிவிப்பு மாதிரி நீயே ஒன்று எழுதி அதை மொழிபெயர். இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலிலும் ஒன்று செய்தால் நல்லது. தமிழும் கிரியோலும் இரண்டும் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறோம், உனக்கு அது ஆதாயம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்கு திறந்துகொள். 2003இலிருந்து இருக்கிறது. நீ செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு உன் பயனர் பெயரில் நிற்கும், யாரும் போய்ப் பார்க்கலாம். மொரீஷியஸ் ஊர்கள், கோவில்கள், பள்ளிகள் பற்றி அங்கே இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆதாரம் காட்டி எழுதப் பழகுவாய், அது தேர்வுக்கும் உதவும். சொந்தப் பெயரில் எழுதுவதா புனைபெயரிலா என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள். சிவியில் காட்ட வேண்டும் என்றால் சொந்தப் பெயர்.

---

சேன்தெனி_ஆய்வாளர்

கயல், தமிழை யூனிகோடில் தட்டப் பழகு. பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாதவர் கணினியில் புரியாத எழுத்துகளாகத் தெரியும். இங்கே ரீயூனியனில் கோவில் சங்கங்கள் தமிழ் அறிவிப்புகளுக்கு ஆள் தேடுவதுண்டு. பிரெஞ்சுப் பக்கமும் மாதிரிகளும் தயாரானதும் இணைப்பை இங்கேயே போடு, இரண்டு பேருக்கு அனுப்புகிறேன்.

---

மோக்கா_கயல்

சரி அண்ணா. பிரெஞ்சுப் பத்தியை யாராவது திருத்திக் கொடுப்பீர்களா? எழுத்துக்கு மேலே போடும் என் ஆக்ஸன் குறிகள் எப்போதும் தப்பான இடத்தில் உட்காரும்.

---

வரைகோல்

எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. தமிழ்ப் பத்தியை வாத்தியார் ஐயா பார்க்கட்டும், பிரெஞ்சை நான் பார்க்கிறேன். பக்க அமைப்பும் செய்து தருகிறேன், ஆனால் கல்யாண சீசன், அடுத்த வாரத்துக்கு முன்னால் முடியாது.